நாலில் ஒரு வெடி

மக்களே, இந்தச் சங்கதியை நான் வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நீங்கள் சிரித்துவிடுகிறீர்கள். சிரிப்புக்கு நடுவில் மீதியைச் சொல்ல எனக்கும் வருவதில்லை. அதனால் எழுதிவைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாட்டா, அதாவது என் அப்பா, என் மாமாவை ‘ஒயர் இஞ்சினீயர்’ என்று கூப்பிடுவதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நீங்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட விடமாட்டார். மாமா இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சாப்பிடுவார். அந்தப் பெயரை வைத்தவரும் இன்று இல்லை, சுமந்தவரும் இல்லை, என் அம்மாவும் இல்லை. அது வந்த வழி எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர இன்னும் சில வருஷங்கள் இருந்தன. மாமா என் அம்மாவுக்கு நேர் இளையவர், ஆனால் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவர். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். துரை புதுக் கார் எடுத்தபோது பழையதைத் தனக்குத் தரவேண்டும் என்று கேட்டு வாங்கினார். தை பிறந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அதை ஓட்டிவந்து எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, இனி ஒருத்தனுக்கும் டிரைவராக இருக்கப்போவதில்லை, சொந்தமாக வாடகைக்கு ஓட்டப்போகிறேன் என்றார்.

கறுப்பு நிறத்தில் பெட்டி மாதிரி ஒரு பிளசர் கார். முன்பக்கத்து மூடியை இரண்டு பக்கமும் கோழி இறக்கையைத் தூக்குவதுபோலத் தூக்கலாம். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வேலிக்கு வெளியே நின்றன. நான் மட்டும் உள்ளே நின்றேன். அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது.

அப்பாவுக்கு அவ்வளவு இனிப்பு இல்லை. எங்கள் முற்றம் என்பது களம். மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு தொடங்கினால் கதிர்க்கட்டு வந்து இறங்குவது அங்கேதான். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அறுப்பு வரைக்கும் நிக்கட்டும் வே. அதுக்குப் பொறவு இங்க நெல்லுதான் நிக்கும்” என்றார்.

அம்மா ஆரத்தி சுற்றி, விளக்குக் கண்ணுக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைத்தாள். பிறகு, இந்தச் சத்தமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். மாமாவுக்கு அது போதும். மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இரும்புக் கட்டையின் மேலே, வெள்ளைப் பீங்கான் குப்பிகள் நாலு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஒயர்.

“இதுக்குப் பேரு பிளக்கு. இதுக்க அடியிலதான் அக்கா வெடி பிறக்கு. நாலும் முறை வச்சு வெடிக்கும். அந்த வெடியிலதான் வண்டி ஓடுது.”

அம்மா அந்த நாலு குப்பிகளையும் கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா சிரித்துக்கொண்டே, இஞ்சினில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, ஷாக் அடிக்கும் என்று எல்லாருக்குமாகச் சொல்லி மூடினார்.

மக்களே, வெடி என்றால் உங்களுக்குத் தீபாவளி. அம்மாவுக்கு அது வழிபாடு. எங்கள் பக்கத்துப் பகவதி கோயில் வாசலில், சின்னச் சின்ன இரும்புக் குழாய்களில் மருந்து இடித்து வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் இத்தனை வெடி என்று சொன்னால் வெடிக்காரர் ஒவ்வொன்றாகத் தீ வைப்பார். அந்தச் சத்தம் அம்மனின் காதில் விழுந்தால் நேர்ச்சை சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாமா பட்டாளத்திலிருந்து உயிரோடு திரும்பியதற்காக அம்மா ஒன்பது வெடி நேர்ந்திருந்தாள். அதில் எட்டுதான் வெடித்தது. ஒன்று சாரல் மழையில் நமுத்துப்போனது. எட்டு கேட்டாயிற்றே, அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று வெடிக்காரர் சொல்லிவிட்டார். அவர் சொல்லிவிட்டார், அம்மா மறக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா முன்னால் குனிந்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். வண்டி கிளம்பியது. ஆனால் முந்தின நாள் சத்தம் இல்லை. டப், டப், டப், அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடியும் டப், டப், டப், ஒன்றுமில்லை. விக்கல் எடுத்தவன் தோள் குலுங்குவதுபோல வண்டி முழுக்கக் குலுங்கியது. மாமா காதைச் சாய்த்துக் கேட்டார்.

“நாலு வெடியில ஒண்ணு கேக்கல்ல” என்றார்.

அம்மா சாணிக் கூடையோடு தொழுவத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றைக்கே மாமா சிகிச்சையைத் தொடங்கினார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரு வேட்டித் துணியில் வடிகட்டினார். கார்பரேட்டரைக் கழற்றி ஊதினார். பிளக்குகளைக் கழற்றி, வெடி பிறக்கிற கீழ்முனையை மண்ணெண்ணெயில் கழுவி, எல்லாவற்றையும் ஒரு பழந்துணியால் துடைத்து மாட்டினார். மத்தியானம் சுற்றியபோது நாலு வெடியும் கேட்டது. என்னையும் வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு குளத்தங்கரை வரைக்கும் போய்வந்தார்.

மறுநாள் காலையில் மறுபடியும் மூன்றுதான் கேட்டது.

அன்று நாலு ஒயரும் கிளம்புகிற மூடியைக் கழற்றி, தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து அதில் விட்டுத் தேய்த்தார். பிளக்குகளையும் வழக்கம்போலத் துடைத்தார். மத்தியானம் நாலு. அடுத்த நாள் காலையில் மூன்று. அப்பா பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்க வண்டி மத்தியானத்துக்கு மேலதான் உத்தியோகம் பாக்கும் போல வே. தாசில்தார் மாதிரி” என்றார்.

இதற்கிடையில் முட்டத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி மாமாவைத் தேடி வந்தார். தை கடைசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண் வீட்டிலிருந்து கோயிலுக்குக் காரில்தான் போய் இறங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. மாதா கோயில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் காரில்தான் போகவேண்டும். நல்லவேளையாக அவர் வந்தது மத்தியானத்துக்கு மேலே. நாலு வெடியையும் கேட்டுவிட்டு, சந்தோஷமாக வாக்குக் கொடுத்துப் போனார்.

அவர் போனபின் மாமா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதுதான் முதல் வாடகை. பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், அப்புறம் இந்த ஜில்லாவில் ஒருவனும் தன்னைக் கூப்பிட மாட்டான் என்றார். “ஓடல்லேன்னா சவத்தெ வித்துட்டு நான் பழையபடி எஸ்டேட்டுக்கே போயிருவேன் அக்கா” என்றார்.

எஸ்டேட்டுக்குப் போனால் மாமா வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் இல்லாத வீடு எப்படி இருந்தது என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. அவர் சாப்பிடும்போது எஸ்டேட்டுத் துரைமாதிரி மூக்கால் பேசிக் காட்டுவார். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள். அப்பா சிரிக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லு என்பார்.

வண்டி ஓடவேண்டும், ஓடினால் மாமா இருப்பார். எனக்கு இருந்தது இந்த ஒரே கணக்குத்தான்.

அம்மா வேறு வழியில் போனாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், முன்பு நமுத்துப்போன அந்த ஒரு வெடியைப் போடச் சொல்லிவிட்டு வந்தாள். தனக்குச் சேரவேண்டிய ஒரு வெடியை அம்மன் தம்பியின் வண்டியில் பிடித்து வைத்திருக்கிறாள் என்பது அவளுடைய முடிவு. வெடி நன்றாகக் கேட்டதாம். ஆனால் சனிக்கிழமை காலையிலும் வண்டியில் மூன்றுதான்.

அடுத்த நாள் விடியற்காலையில் நான் ஒன்றுக்குப் போக எழுந்து வெளியே வந்தேன். நல்ல பனி. அம்மா குளித்து ஈரத் தலையோடு வண்டியின் பக்கத்தில் நின்றாள். மூடியின் ஒரு இறக்கையைத் தோளால் தாங்கிக்கொண்டு, கையிலிருந்த கிண்ணத்தில் சந்தனத்தைத் தொட்டு, முன்னால் நிற்கிற முதல் குப்பியின் வெள்ளை உடம்பில் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். சந்தனம் குப்பியிலிருந்து இரும்பு வரைக்கும் வழிந்தது. என்னைப் பார்த்ததும் பயந்துபோனாள். பிறகு பக்கத்தில் கூப்பிட்டாள்.

வண்டி வந்த மறுநாளிலிருந்தே அவள் இதைச் செய்துகொண்டுதான் இருந்தாளாம். விடிந்து குளித்தால் நிலைப்படிக்குப் பொட்டு, பசுவுக்குப் பொட்டு, உரலுக்குப் பொட்டு. அதோடு இதுவும் ஒன்று. இப்போது கோயில் சந்தனம் வந்ததால் கூடக் கொஞ்சம். மற்ற மூன்றுக்கும் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

“முன்ன நிக்கது பிள்ளையார்லா. அவருக்கு வச்சா மத்த மூணுக்கும் சேரும். மாமாகிட்ட சொல்லப்பிடாது மக்களே, என்னா? நேர்ச்சையை வெளிய சொன்னா பலிக்காது.”

நான் அம்மன் மேல் சத்தியம் செய்துகொடுத்தேன்.

அன்றைக்கு மாமா புதிதாக ஒரு பரீட்சை செய்தார். வண்டியை மூன்று வெடியில் ஓடவிட்டு, மரப்பிடி போட்ட திருப்புளியால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் அடியில் இருக்கிற இரும்போடு சேர்த்துத் தொட்டார். அப்படித் தொட்டால் அந்தப் பிளக்கு அந்த நேரத்துக்குச் செத்துவிடும். நாலாவதைத் தொட்டார். இஞ்சின் இன்னும் திணறியது. மூன்றாவதையும் இரண்டாவதையும் தொட்டார். அப்படியே திணறியது. முதலாவதைத் தொட்டார். ஒரு வித்தியாசமும் இல்லை.

“பாத்தியா மக்கா? மூணு பேரும் உழைக்கான். மூத்தவன் சும்மா இருக்கான்.”

அப்பா தன் வீட்டில் மூத்தவர். “எந்த வீட்டில வே மூத்தவன் சும்மா இருந்திருக்கான்?” என்று வேலிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

மாமா முதல் பிளக்கைக் கழற்றி நாலாவது இடத்திலும், நாலாவதை முதல் இடத்திலும் மாட்டினார். பிளக்கில் கோளாறு இருந்தால் மறுநாள் நாலாவது சும்மா இருக்கவேண்டும். மறுநாளும் முதலாவதுதான் சும்மா இருந்தது. சரி, ஒயரில்தான் கோளாறு என்று நாகர்கோவிலிலிருந்து புது ஒயர் வாங்கிவந்து போட்டார். அதற்கும் மறுநாள் முதலாவதுதான். பிளக்கை மாற்றினாலும் போகாத, ஒயரை மாற்றினாலும் போகாத கோளாறு என்றால், உள்ளே வால்வு எரிந்துவிட்டது என்றுதான் பொருள். அப்படியானால் இஞ்சினின் தலையையே கழற்றவேண்டும். அதற்கான சாமான் வந்துசேர ஒரு வாரம். கல்யாணத்துக்கு இருந்தது மூன்று நாள்.

மாமா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். நாளைக்கு முட்டத்துக்குப் போய் வேறு வண்டி பார்க்கச் சொல்லவேண்டும் என்றார். சாயங்காலம் தன் காக்கிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டார். துரை வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை அது.

அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பிள்ளையாருக்கு வைத்தது மற்ற மூன்று பேருக்கும் சேரவில்லை. அதுதான் குறை. பொட்டு இல்லாத மூன்றும் உழைக்கின்றன, பொட்டு வைத்தது சும்மா இருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஏறினாலும் அதைக் காரணமாக எடுத்திருப்பேனா என்று தெரியாது. பொட்டு வைத்ததால் ஒரு கெடுதல் வரும் என்று நினைக்க எங்கள் வீட்டில் யாரும் பழகியிருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அம்மா முதல் குப்பிக்கு வைத்துவிட்டுத் தண்ணீர் கோரக் கிணற்றடிக்குப் போனாள். கிண்ணம் வண்டியின் படியில் இருந்தது. நான் மூடியைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு, மீதிச் சந்தனம் முழுவதையும் மற்ற மூன்று குப்பிகளிலும் கட்டைவிரலால் அப்பினேன். குங்குமம் வைக்க நேரம் இல்லை.

வெயில் ஏறத் தொடங்கியதும் மாமா வந்தார். எப்படியும் முட்டம் வரைக்குமாவது மூன்று வெடியில் ஓட்டிப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஹேண்டிலைச் சுற்றினார். வண்டி ஒரு தும்மல் தும்மியது. அவ்வளவுதான். பத்துத் தடவை சுற்றினார். கிளம்பவே இல்லை.

நான் தூணோடு ஒட்டி நின்றேன். ஆனால் மாமா கோபப்படவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, விரல்விட்டு ஏதோ எண்ணினார். “ஒரு ராத்திரியில நாலு வால்வும் எரியாது” என்று தனக்குத்தானே சொன்னார்.

உள்ளே போய்த் தன் பட்டாளத்துக் கம்பளியை எடுத்துவந்தார். அப்பாவைக் கூப்பிட்டு, அத்தான், கொஞ்சம் ஹேண்டிலைச் சுற்றுங்கள் என்று கெஞ்சிக் கேட்டார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனார். மாமா மூடியைத் தூக்கி, இஞ்சின் மேலும் தன் தலைமேலும் என் தலைமேலுமாகக் கம்பளியைப் போட்டு மூடினார். பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு. பெட்ரோல் வாசனையும் கம்பளி வாசனையும் சந்தன வாசனையுமாக மூச்சு முட்டியது.

அப்பா சுற்றினார்.

மக்களே, அதை நான் இன்றுவரைக்கும் மறக்கவில்லை. முதல் குப்பியின் தலையிலிருந்து நீலமாக ஒரு புழு, நூல்போல மெலிந்த புழு, சந்தனத்தின் மேல் நெளிந்து இறங்கி இரும்புக்குள் ஓடி மறைந்தது. அடுத்து இன்னொரு குப்பியில். அடுத்து இன்னொன்றில். நாலிலும். குப்பிக்கு உள்ளே போய் வெடியைப் பிறப்பிக்கவேண்டிய நெருப்பு, ஈரச் சந்தனத்தின் மேலே நடந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறி இஞ்சின் சூடானால் சந்தனம் காயும். மாமாவும் கழற்றும்போதெல்லாம் துடைத்தார். அதனால்தான் மத்தியானம் நாலு வெடி. இத்தனை நாளும் அந்த மஞ்சள் பூச்சை அவர் கண் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் நம் ஊரில் எந்த இரும்பில் பொட்டு இல்லை? அதை அழுக்கு என்று யாருடைய கண் பார்க்கும்?

“உள்ள என்ன, சோசியம் பாக்கியளா ரெண்டு பேரும்?” என்று வெளியே அப்பா மூச்சிரைக்கக் கேட்டார். மாமா கம்பளியை ஒரு ஓரமாகத் தூக்கி வெளிச்சம் விட்டு, குப்பிகளைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, “யாரு மக்கா வச்சா?” என்று கேட்டார்.

அம்மாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தேன். “நான்தான்” என்றேன்.

“நாலுக்குமா?”

“நாலுக்கும்.”

மாமா மறுபடியும் குப்பிகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்றில் என் கட்டைவிரல் இழுத்த கோடு அப்படியே இருந்தது. முதலாவதில் வட்டமாக வைத்த குங்குமம், எங்கள் வீட்டு நிலைப்படியில் இருப்பதுபோலவே, நடுவில் இருந்தது. மாமா அதை வெகுநேரம் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையில் கையை வைத்துக் கம்பளிக்கு வெளியே தள்ளினார்.

வேட்டி நுனியைப் பெட்ரோலில் நனைத்து நாலு குப்பிகளையும் துடைத்தார். அத்தானை இன்னும் ஒரே ஒரு தடவை சுற்றச் சொன்னார். நாலு வெடியும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கேட்டன. அப்பா ஹேண்டிலோடு இரண்டு அடி பின்னால் துள்ளிச் சாடினார்.

என்ன கோளாறு என்று அப்பா கேட்டார். மாமா கையைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல அத்தான். ஒயரை நான்தான் இடம் மாத்திக் குடுத்திருந்தேன். எனக்க மடத்தனம்” என்றார்.

அப்பாவுக்குக் கிடைத்தது தீனி. பதினைந்து நாளாக முற்றத்தை அடைத்துக்கொண்டு, பெட்ரோலை வடிகட்டி, தீப்பெட்டியைக் கிழித்து, கடைசியில் ஒயரை இடம் மாற்றிக் கொடுத்தானாம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். மாமா இவ்வளவு துணிந்து பொய் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் எனக்கு அடி விழாமல் இருக்கத்தான் சொன்னார் என்று நினைத்தேன். ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்து நன்றியோடு இருந்தேன்.

சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“பகவதி அம்மை கேட்டுட்டாளாலே தம்பி?”

“கேட்டுட்டா அக்கா” என்றார் மாமா. பிறகு வண்டியின் முன்பக்கத்துக்குப் போய், மேலே பளபளவென்று இருந்த பித்தளை விளிம்பைத் தட்டிக் காட்டினார். “இனி பொட்டு வைக்கதா இருந்தா இங்கன வை. நெத்தி இதுல்லா. உள்ள வச்சா யாரு பாப்பா? போற எடமெல்லாம் நாலு பேரு பாக்கட்டும்.”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். அவள் வெட்கப்பட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, உனக்கு அது தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று மட்டும் மாமா சொன்னார். அன்றைக்கு அம்மா பால் பாயசம் வைத்தாள். விட்டுப்போன அந்த ஒரு வெடியைப் போட்டதால்தான் வண்டி ஓடியது என்று சாகும்வரை எல்லாரிடமும் சொன்னாள். மாமா பக்கத்தில் இருந்தால், ஆமாம் என்பார்.

முட்டத்துக் கல்யாணம் நன்றாக நடந்தது. முக்காடு போட்ட பெண்ணை மாமா கடற்கரை மணலில் ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கினார். கூப்பிடு தூரம் போதாது என்று, ஊரை மூன்று தடவை சுற்றச் சொன்னார்களாம். இரண்டு நெய்மீனும் ஒரு பெரிய கேக்குமாகத் திரும்பி வந்தார். அங்கேயே அடுத்த இரண்டு கல்யாணத்துக்கும் அவரையே சொல்லிவைத்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் மாமா பெட்டியைக் கட்டினார். குழித்துறையில் சந்தைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால்தான் தினமும் வாடகை வரும், அங்கேயே ஒரு அறை பார்த்திருக்கிறேன் என்றார். அப்பா, மாதம் ஒரு தடவையாவது வந்து சாப்பிட்டுப் போ வே என்றார். அம்மா வண்டியின் நெற்றியில் பொட்டு வைத்தாள். நாலு வெடியும் ஒழுங்காகக் கேட்க, வண்டி வேலியைத் தாண்டி ரோட்டில் ஏறிப் போனது.

நான் ஏமாந்துபோனேன். ஓடாவிட்டால் போய்விடுவேன் என்று அவர் சொன்னதை மட்டும்தான் நான் கேட்டிருந்தேன். ஓடினாலும் போவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் போய், மாமா இப்படிப் போவார் என்று உனக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம என்ன மக்களே? ஓடத்தானே வண்டி” என்றாள். குரல் நன்றாக இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போனாள்.

தெரிந்துமா தினமும் அந்தப் பனியில் குளித்துவிட்டு வந்து பொட்டு வைத்தாள்? நானாக இருந்தால் வைத்திருக்க மாட்டேன். இதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை.

அறுப்பு தொடங்கிய அன்று அம்மா விடியற்காலையிலேயே சோறு பொங்கிக் குழம்பும் வைத்து, தங்கள் இருவருக்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டு அப்பாவோடு வயலுக்குப் போய்விட்டாள். மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, எனக்கு வைத்திருந்ததைச் சாப்பிட்டேன். வட்டிலைக் கழுவி வைக்கப் போனபோதுதான் அம்மியின் பக்கத்தில் இன்னொரு வட்டில் மூடியிருந்ததைப் பார்த்தேன். திறந்தேன். நிறையச் சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்த பொரித்த மீன். மாமாவுக்கு வைக்கிற மாதிரி. மாமா போய் எட்டு நாள் ஆகியிருந்தது. ஒரு மாதம் பழகிய கை, அதுபாட்டுக்கு எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

வெளியே முற்றத்தில் முதல் கதிர்க்கட்டு வந்து விழும் சத்தம் கேட்டது. அப்பாவின் குரலும் கேட்டது. இப்போது கை கால் கழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வருவார். பார்த்தால் சிரிப்பார். அம்மாவை வைத்துக்கொண்டே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார்.

வயிற்றில் இடமே இல்லை. அம்மியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றேன். மீன் முள்ளைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டேன். வட்டிலைக் கழுவித் துடைத்து, மற்ற வட்டில்களுக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன்.